முப்பதாவது முட்பெட்டி

ஏமஸ் வார்டெல் அன்று காலையில் செய்த முதல் வேலை சம்பளம் கேட்டது. இரண்டாவது வேலை, அது வராது என்று தெரிந்துகொண்டது.

"மூணு மாசம் ஆச்சு, மிஸ்டர் பிட்னி."

"தெரியும். ஆத்துல கொட்டுற கல்லுக்கே காசு இல்ல. உங்களுக்கு எங்க போறது?"

ஆற்றுக் குழுவின் செயலாளர் பிட்னி இதைத் தலை நிமிராமல் சொன்னார். அவர் மேஜையில் இருந்த காகித மலைக்கு நடுவே அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரிந்தது. இங்கிலாந்து மன்னரின் போர்க்கப்பல்கள் கடல்முகத்தில் தெரிகின்றன என்று முந்தாநாள் ஒருவன் குதிரையில் பறந்துவந்து சொன்னதிலிருந்து ஃபிலடெல்ஃபியாவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேரிடம் மூட்டை கட்ட ஒன்றும் இல்லை.

"சம்பளத்துக்குப் பதிலா ஒரு திருடனைத் தர்றேன்" என்றார் பிட்னி, ஒரு சீட்டை நீட்டியபடி. "யோஸ்ட் கெம்ப், தச்சன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள உங்க அறிக்கை என் கைக்கு வந்தாகணும்."

வார்டெல் சீட்டைப் படித்தார். கெம்ப்பைப் பிடித்தது நகரம் முழுக்க நாறிப்போன விஷயம்தான். எதிரிக் கப்பல் மேலே ஏறி வராமலிருக்க, நகரத்துக்குக் கீழே டெலவேர் ஆற்றின் குறுக்கே முட்பெட்டிகளை வரிசையாக மூழ்கடித்திருந்தார்கள். முட்பெட்டி என்றால் ஒரு வீட்டு அறை அகலத்துக்குப் பைன் கட்டைகளால் கட்டிய பெட்டி. மிதக்கவிட்டு இழுத்துப் போய், கல்லை நிரப்பி அமுக்குவார்கள். அதிலிருந்து இரும்பு முனை வைத்த இரண்டு உத்தரங்கள் சாய்வாக நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காத்திருக்கும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஆறு ஆறாகத்தான் தெரியும். கப்பலுக்கு வயிறு கிழிந்த பிறகுதான் விஷயம் புரியும்.

குழு காசு கொடுத்தது முப்பது பெட்டிக்கு. போன வாரம் ஆழம் பார்க்கப் போனவர்கள் எண்ணி வந்தது இருபத்தொன்பது. முப்பதாவது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். அதற்கு கெம்ப் வாங்கியது எண்பது பவுண்டு.

"அவரு என்ன சொல்றாரு?"

"அதுதான் வேடிக்கை. கட்டினேங்கிறான், அமுக்கினேங்கிறான். எங்கன்னு கேட்டா வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கான். ஏற்பாடு பண்ணின கேப்டன் ரென்ஃபீல்டும் மே மாசம் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாரு. கேக்க ஆளில்ல."

"அறிக்கை பாதகமா இருந்தா?"

"நாளைக்குக் காலையில சந்தையில முப்பத்தொன்பது சவுக்கடி. வீடும் உளி இழைப்புளியும் ஏலம்." பிட்னி இப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. "வார்டெல், ஜனங்க கோபமா இருக்காங்க. நம்ம காகிதப் பணத்தை ரொட்டிக்கடைக்காரன் கையால தொட மாட்டேங்கிறான். ஊர்ப் பணமெல்லாம் ஆத்துல போகுதுன்னு பேச்சு. ஒரு திருடன் கிடைச்சா எல்லாருக்கும் மனசு ஆறும்."

வார்டெலுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் இருபது வருஷம் மன்னரின் சுங்கத்தில் கப்பல் கப்பலாக ஏறிக் கள்ளச் சரக்கை மோப்பம் பிடித்தவர். மன்னரை எதிர்த்து எழுந்த ஊர் அதை மன்னிக்கவில்லை. இப்போது அதே மூக்கை ஊர் வாடகைக்கு எடுத்திருந்தது, வாடகை தராமல். இந்த உலகத்தில் ஆசைப்பட அவருக்கு மிச்சமிருந்தது ஒரு நல்ல நாற்காலியும் அதில் உட்கார ஒரு முழு மத்தியானமும்தான்.

போகிற போக்கில், மூலையில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அது நஷ்டஈட்டு மனு. ஆத்து வேலையால மாடு செத்துச்சு, படித்துறை இடிஞ்சுதுன்னு கண்டவனும் எழுதினது. ஒண்ணுக்கும் காசு குடுக்கல" என்றார் பிட்னி.

"அதனாலதான் எடுத்துக்கறேன். காசு வந்த சீட்டுல எவனும் உண்மையை எழுதியிருக்க மாட்டான்."

வெளியே படிக்கட்டில் பெக் டூலி மீன் கூடையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அயர்லாந்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்து, ஒப்பந்தத்தையும் ஒரு புருஷனையும் முடித்துவிட்டு, பதினைந்து வருஷமாகத் துறையில் மீன் விற்கிறவள். அவளுக்குத் தெரியாத படகு ஆற்றில் இல்லை. வார்டெலுக்கு உதவியாள் என்று பெயர். சம்பளம் அவளுக்கும் இல்லை.

"குடுத்தாங்களா சார்?"

"இல்ல."

"நல்லவேளை. குடுத்திருந்தா அந்தக் காகிதத்தைச் சுமக்க ஒரு வண்டி வேற பிடிக்கணும். அதுல ஒரு வேளைச் சோறு வாங்கலாம், பக்கத்துல நின்னு வாசனை பிடிக்கிறவங்களுக்குச் சேர்த்து இல்ல." அவள் எழுந்து கூடையை இடுப்பில் ஏற்றினாள். "யாரு, யோஸ்ட் கெம்ப்பா? அவன் திருடினான்னா நான் கன்னியாஸ்திரி."

"எப்படிச் சொல்றே?"

"அவன் பொண்டாட்டி அப்போலோனியா எங்கிட்டதான் மீன் வாங்குவா. ஆம்பளைங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டாங்கன்னு அந்தப் பெட்டிக்கெல்லாம் சந்துல சணல் அடைச்சுத் தாரு பூசினது அவதான். கையெல்லாம் கறுப்பு. எண்பது பவுண்டு அடிச்சவன் பொண்டாட்டி மீன் தலைக்கு பேரம் பேசுவாளா?"

வார்டெல் படிக்கட்டில் உட்கார்ந்து மனுக்களைப் பிரித்தார். மூன்று செத்த மாடுகள். ஒரு படித்துறை. முட்பெட்டிக் கல்லை இறக்கும்போது நசுங்கிய ஒரு கால்விரலுக்கு இரண்டு ஷில்லிங். அதன் பிறகு, மோன்ஸ் யோக்கம் என்ற மீனவன் எழுதித் தரச் சொன்ன மனு: ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, ஆற்றின் கிழக்குக் கரையோரம் 'கிழக்கு வாய்' என்கிற ஆழமான பகுதியில், ஷாட் மீன் வலை அறுந்து நாலு பவுண்டு நஷ்டம்.

"வலைன்னா கிழியும் சார். மோன்ஸ் யோக்கம் வலை போடும்போதே கிழிஞ்சுதான் இருக்கும்" என்றாள் பெக்.

"எங்க கிழிஞ்சிருக்கு பாரு. கிழக்கு வாய்ல."

பெக் வாய் திறந்தபடி நின்றாள். அபூர்வமான காட்சி.

"அங்க எப்படிக் கிழியும்? மார்ச்ல அடி கூட்டிட்டாங்களே."

"அதைத்தான் கேக்கறேன். விளக்கமாச் சொல்லு."

"ஷாட் மீன் ஏறி வர்றதுக்கு முன்னாடி துறைக்காரங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ஆத்தோட அடியைக் கூட்டுவாங்க. பழைய வலையில ஈயம் கட்டி, கரைக்குக் கரை இழுத்து, ஒரு வேரு, ஒரு கட்டை விடாம எடுத்துப் போட்டுடுவாங்க. கூட்ட வராதவன் அந்த வருஷம் அங்க வலை போடக் கூடாது. மார்ச்ல அங்க ஒரு குச்சிகூட இல்ல சார். நானே நின்னு பார்த்தேன்."

"முப்பதாவது பெட்டியை அமுக்கினதா யோஸ்ட் சீட்டு வாங்கினது ஏப்ரல் பதினெட்டு" என்றார் வார்டெல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "படகு பிடி."

"நாலு மணிக்குள்ளயா?"

"நீர் இறங்கறப்போ போவோம், ஏறறப்போ வருவோம். நான் துடுப்பு போட மாட்டேன்."

"நீங்க துடுப்பு போட்டா நாலு மணி, எந்த நாளோட நாலு மணின்னு கேக்கணும்."

*

ஆறு தானாகவே இழுத்துப் போனது. ஜூலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எதிரே மூட்டை, நாற்காலி, கோழிக்கூண்டு என்று குடும்பம் குடும்பமாகப் படகுகள் மேலே போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கீழே நோக்கிப் போன படகு இவர்களுடையது ஒன்றுதான்.

"நம்ம கப்பலுங்க போய் வர்ற வழியே அந்தக் கிழக்கு வாய்தான்" என்றாள் பெக் துடுப்பை வலித்தபடி. "கப்பலுக்கு வழிகாட்டுற நாலு மாலுமிக்கு மட்டும் தெரிஞ்ச பரம ரகசியம். எனக்கே மூணு பேர் சொன்னாங்க. ஒருத்தன் கடன் கேக்க வந்தவன்."

"எப்பலேருந்து இந்த ரகசியம்?"

"வசந்த காலத்துலேருந்து. காபிக் கடையில நாய்க்குக்கூடத் தெரியும்."

மோன்ஸ் யோக்கம் ஆற்றின் கிழக்கே ஜெர்ஸிக் கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவன் முப்பாட்டன் காலத்தில் ஸ்வீடனிலிருந்து வந்து இந்தச் சேற்றில் இறங்கிய குடும்பம். அதற்குப் பிறகு அவர்கள் அவசரப்பட்டதாகத் தகவல் இல்லை.

"நாலு பவுண்டு கொண்டாந்தீங்களா?" என்றான்.

"வலையைப் பார்க்க வந்தோம்."

"அப்ப கொண்டாரல." அவன் மறுபடி பின்னலானான். "அந்தா கிடக்கு. தைக்கல. அதிகாரி வந்து பார்ப்பாருன்னு மூணு மாசமா அப்படியே வச்சிருக்கேன். எலிதான் வந்து பார்த்துச்சு."

வார்டெல் வலையை மணலில் விரிக்கச் சொன்னார். இரண்டு ஓட்டைகள். வேரில் மாட்டி இழுத்தால் வலை நீளமாகக் கிழியும், நூல் பிசிறும். இது அப்படி இல்லை. இரண்டு ஓட்டையும் தொப்பி அளவுக்கு வட்டமாக, கீழிருந்து மேலே குத்தியது போல இருந்தன. பாக்கெட்டிலிருந்து அளவுக் கயிற்றை எடுத்து ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்குப் பிடித்தார்.

"ஒன்பதடி" என்றார்.

"மீனுக்கு ஒன்பதடியில ரெண்டு பல்லு இருந்தா, அந்த மீனை நான் விக்க மாட்டேன்" என்றாள் பெக்.

"யோஸ்ட் கெம்ப்போட ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவுல ஒன்பதடி."

மோன்ஸின் கை நின்றது. அவன் வார்டெலைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். மெதுவாக யோசிக்கிறவன், ஆனால் முட்டாள் இல்லை.

"மோன்ஸ், ஏப்ரலுக்கு அப்புறம் இந்த வழியா நம்ம கப்பல் எதாவது போச்சா?"

"ஒண்ணுகூடப் போகல. நானும் யோசிச்சேன். இதான் வழின்னு ஊரெல்லாம் சொல்லுது, வழியில ஒருத்தனையும் காணோம்."

இடத்தைக் காட்ட அவனே படகில் ஏறினான். கரையிலிருந்த வளைந்த மரத்தையும் எதிர்க்கரைச் சூளையையும் நேர்கோட்டில் வைத்து ஓரிடத்தில் நிறுத்தினான். வார்டெல் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி நூலை விட்டார். அங்கே நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழம் இருக்கவேண்டும். கொழுப்பில் மணல் ஒட்டி வரவேண்டும். குண்டு இரண்டு பாகத்தில் டொக்கென்று எதன் மேலோ உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார். கொழுப்பில் மணல் இல்லை. கறுப்பாக ஒரு தீற்று. மோந்து பார்த்தார். தார்.

பெக் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். "அப்போலோனியா பூசின தாரு! இருக்கு சார், முப்பதாவது பெட்டி இருக்கு! யோஸ்ட் திருடல! நாலு மணிக்கு பிட்னி மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். காசு குடுத்தாவது பார்க்கணும், காகிதக் காசு."

வார்டெல் சிரிக்கவில்லை. அவருக்கே அது வருத்தமாக இருந்தது. இருபது வருஷமாக ஒரு நிரபராதியைக் கண்டுபிடித்ததில்லை, கண்டுபிடித்த நாளில் சந்தோஷப்பட முடியவில்லை. கொழுப்பில் ஒட்டியிருந்த தாரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பான இடத்துல ஒரு பெட்டியை இறக்கிட்டு, அதைச் சொல்லாம அடி வாங்கத் தயாரா ஒருத்தன் ஏன் உட்கார்ந்திருக்கான், பெக்?"

"குடிச்சிட்டு இறக்கியிருப்பான். வெக்கமா இருக்கும்."

"மோன்ஸ்" என்றார் வார்டெல். "இந்த வலை எங்க கிழிஞ்சுதுன்னு யாருகிட்டல்லாம் சொல்லியிருக்கே?"

"மனு எழுதின குமாஸ்தாகிட்ட மட்டும். அவனும் சரியாக் கேக்கல. கால்விரல் மனுவுக்கு அவசரப்பட்டான்." மோன்ஸ் தாடையைச் சொறிந்தான். பிறகு நிதானமாகச் சொன்னான். "இங்க கிழியலன்னு வச்சுக்குவோம். எலி கடிச்சுதுன்னு வச்சுக்குவோம். நாலு பவுண்டு போனா போகுது. என் தங்கச்சி வீடு ஊருக்குள்ளதான் இருக்கு."

வார்டெல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனுவை எடுத்து நாலாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். பெக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிறீங்க. எனக்கு மட்டும் புரியல. இது வழக்கம் இல்லையே."

நீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பினார்கள்.

*

சிறையில் யோஸ்ட் கெம்ப் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள், சிறிய கண்கள், நாற்பது வயதுக்கு மீறிய நரை. காவலாளிக்கு பெக் ஒரு உப்பு மீனைக் கொடுத்து வெளியே அனுப்பினாள். வார்டெல் ஈயக்குண்டைத் தச்சரின் முன்னால் தரையில் வைத்தார், தார் தெரியும்படி.

"கிழக்கு வாய்ல இருந்து வருது" என்றார். "உங்க பெட்டி பத்திரமா இருக்கு, யோஸ்ட்."

நிரபராதி என்று நிரூபணமான ஒருவனின் முகம் மலரும் என்று பெக் காத்திருந்தாள். யோஸ்டின் முகம் வெளுத்துப்போனது. குண்டைப் பாய்ந்து எடுத்துத் தாரைச் சட்டையில் துடைத்தார்.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"செயலாளருகிட்ட?"

"இல்ல."

"கடவுளுக்கு நன்றி" என்றார் யோஸ்ட். "சொல்லிடாதீங்க ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நாளைக்கு அடிச்சா அடிக்கட்டும்."

பெக் வாயடைத்துப்போய் நின்றாள். அன்றைக்கு அது இரண்டாவது தடவை.

"நான் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க" என்றார் வார்டெல் தரையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து. "கேப்டன் ரென்ஃபீல்ட் குழுவை நம்பல. இருபத்தஞ்சு பேர் இருக்கற குழுவுல ரகசியம் சொன்னா சாயங்காலம் காபிக் கடைக்கு வந்துடும். அதனால பொய்யான ரகசியம் ஒண்ணை அவரே காபிக் கடைக்கு அனுப்பினாரு. கிழக்கு வாய் திறந்திருக்குன்னு. அப்புறம் முப்பதாவது பெட்டியை யாருக்கும் தெரியாம அங்க இறக்கச் சொன்னாரு. நம்ம கப்பல் நிஜமாப் போய் வர்ற வழி, வரிசையில முப்பதாவது பெட்டி இருக்கவேண்டிய அந்தக் காலி இடம்."

யோஸ்ட் தலையாட்டினார். "நாலு மாலுமிக்குக் காலி இடம் மட்டும் தெரியும். கிழக்குல என்ன இருக்குன்னு எனக்கும் கேப்டனுக்கும்தான் தெரியும். கேப்டன் கையில அடிச்சு வாக்கு குடுத்தேன். அவரு செத்துட்டாரு. வாக்கு சாகலையே."

"நேத்து துறையிலேருந்து ஒரு படகோட்டி எதிரிக் கப்பலுக்கு ஓடிட்டான்" என்றாள் பெக் மெதுவாக. "அவனும் காபிக் கடையே கதின்னு கிடந்தவன்தான்."

"அவன் அவங்களைக் கிழக்கு வாய்க்குத்தான் கூட்டிட்டு வருவான்" என்றார் யோஸ்ட். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "முதல் கப்பல் மாட்டினா போதும். பின்னாடி வர்றதெல்லாம் நின்னுடும். நல்ல பெட்டி ஐயா அது. முப்பதுலயும் அதுதான் நல்லா அமைஞ்சுது."

வார்டெல் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பெக் நினைத்தாள்.

"யோஸ்ட், நீங்க அடி வாங்கினா மட்டும் பத்தாது" என்றார் அப்படியே. "திருடன்னு உங்களை நாளைக்குச் சந்தையில கட்டி வச்சா, தமுக்கு அடிச்சு என்ன சொல்லுவாங்க? முப்பதாவது பெட்டி இறக்கவே இல்லைன்னு. அந்த இடம் காலின்னு. எதிரிக்கு வழி எங்க இருக்குன்னு நாமளே கூவி விக்கிற மாதிரி ஆகும்."

யோஸ்ட் இதை யோசித்திருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப?"

"பெட்டி அந்த இடத்துல இருக்கணும். உடைஞ்சு கிடக்கணும். மூலைப் பொருத்து சரியில்ல, ஏப்ரல் வெள்ளத்துல சிதைஞ்சு, உத்தரமும் இரும்பும் தாறுமாறா அடியில கிடக்குன்னு நான் எழுதறேன். எண்ணப் போனவங்க பெட்டியைத் தேடினாங்க, சிதிலத்தைத் தேடல. அப்படி எழுதினா எவனும் அந்தப் பக்கம் கப்பலை விட மாட்டான். நீங்க திருடனும் இல்ல. வீட்டுக்குப் போகலாம். கெட்ட வேலைக்கு எண்பது பவுண்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கட்டணும். நீங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்."

யோஸ்ட் ஈயக்குண்டைக் கீழே வைத்தார்.

"என் பொருத்து உடைஞ்சுதுன்னா?"

"ஆமா."

"முடியாது." அவர் குரல் உயர்ந்தது. "திருடன்னு எழுதுங்க ஐயா. குடிகாரன்னு எழுதுங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல வேலை பார்க்கறேன். நான் சேர்த்த கட்டை பிரிஞ்சதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. திருடனுக்காவது வேலை குடுப்பான். கட்டை பிரிஞ்ச தச்சனுக்கு எவன் குடுப்பான்?"

"எவனும் குடுக்க மாட்டான்" என்றார் வார்டெல். பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. "வேற வழி இருந்தா சொல்லுங்க. நானும் ரெண்டு மணி நேரமா ஆத்துல யோசிச்சிட்டு வந்தேன்."

யோஸ்ட் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினார். "முதல்ல நான் எழுதணும்" என்றார் வார்டெல். காகிதத்தைத் தொடையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று காவலாளியைத் திரும்பக் கூப்பிட்டார். வந்தவன் தனியாக வரவில்லை. பின்னால் அப்போலோனியா, ரொட்டி சுற்றிய துணியோடு. ஒல்லியான பெண்மணி. நகக்கண்களில் தார் இன்னும் போகவில்லை.

"கைதி காதுல விழற மாதிரி சத்தமாப் படிக்கணும், அதான் விதி" என்றான் காவலாளி.

வார்டெல் படித்தார். மூலைப் பொருத்துகளின் பலவீனம். சந்துகளின் அடைப்பு சரியில்லாமை. வெள்ளத்தில் சிதைவு. அப்போலோனியா முதலில் சிரித்தாள்.

"யாரு எழுதினது இது? மூலை எப்படிப் பிரியும்? யோஸ்ட், இவங்ககிட்டச் சொல்லு. அந்தப் பெட்டிக்கு மூணு நாள் நான் மல்லாந்து படுத்து அடைச்சேன். சொல்லேன்!"

யோஸ்ட் மனைவியைப் பார்த்தார். வார்டெல் அந்தப் பார்வையைத் தவிர்க்க முடியாத தூரத்தில் இருந்தார்.

"உடைஞ்சுது, லோனி."

"எது?"

"மூலை. நீ அடைச்ச பக்கம். தண்ணி உள்ள போயிடுச்சு. உனக்குத் தெரிய வேண்டாம்னுதான் வாயைத் திறக்கல."

அவர் அதை நன்றாகச் சொன்னார். அப்போலோனியா நம்பினாள். தன் கைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு அவற்றைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள். யோஸ்ட் கையெழுத்துப் போட்டார். காவலாளியும் பெக்கும் சாட்சியாகக் கீறல் போட்டார்கள். போடும்போது பெக்கின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு காகிதத்தின் ஓரத்தில் விழுந்தது. கேலியாக ஏதாவது சொல்வாள் என்று வார்டெல் காத்திருந்தார். அவள் அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தாள்.

திருட்டு இல்லையென்று அறிக்கை வந்தால் போதும் என்று காவலாளி கதவைத் திறந்துவிட்டான். அப்போலோனியா துணியைப் பிரித்து ரொட்டியைக் கணவனின் கையில் வைத்தாள்.

"உட்கார்ந்து நிதானமாத் தின்னு" என்றாள். "இனிமே நம்மளை யாரு அவசரமா வேலைக்குக் கூப்பிடப்போறா?"

யோஸ்ட் கெம்ப் திறந்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் தின்றார். நாலு மணிக்குள் பிட்னியிடம் சேர்க்க, வார்டெல் கையெழுத்தின் மை காய்வதற்காகக் காத்திருந்தார். இவ்வளவு களைப்பான ஒரு வேலையை அவர் மன்னருக்குக்கூடச் செய்து கொடுத்ததில்லை.